வெண்தொண்டை மீன்கொத்தியும் கருப்பு வெள்ளை மீன்கொத்தியும்: பவானிக் கரையின் இரு பறவைகள்

ஈரோடு மாவட்டம் சத்தியமங்கலம் வட்டாரத்தில் எளிதாகக் காணக்கூடிய மீன்கொத்திகளுள் வெண்தொண்டை மீன்கொத்தியும் கருப்பு வெள்ளை மீன்கொத்தியும் குறிப்பிடத்தக்கவை. வெண்தொண்டை மீன்கொத்தி வயல், தோட்டம், கிணறு, ஊர், சாலையோர மின்கம்பி என எல்லா இடங்களிலும் தென்படும். கருப்பு வெள்ளை மீன்கொத்தியைப் பவானி ஆற்றிலும் அணைகளிலும் பெரிய குளங்களிலும்தான் காணலாம். இரண்டுக்கும் பெயர் ஒன்றே. ஆனால் முதலாவது பெரும்பாலும் மீன் அல்லாத உயிர்களைத் தின்று வாழ்கிறது. இரண்டாவது ஏறத்தாழ முழுவதும் மீனையே நம்பியிருக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே இவற்றின் வேட்டை முறை, வாழிடம், குடும்ப வாழ்வு ஆகியவற்றில் உள்ள மற்ற பல வேறுபாடுகளும் எழுகின்றன. ஆற்றின் நலம் கெடும்போது எந்தப் பறவை முதலில் பாதிக்கப்படும் என்பதையும் இதைக்கொண்டு அறியலாம்.

பெயரும் வகைப்பாடும்

மீன்கொத்திக்குப் பழந்தமிழில் சிரல் என்று பெயர். சிச்சிலி என்ற சொல்லும் வழக்கில் இருந்தது. உலகில் 110-க்கும் மேற்பட்ட மீன்கொத்தி இனங்கள் உள்ளன. இந்தியாவில் 12 இனங்கள் வாழ்கின்றன. எல்லாம் அல்செடினிடே என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பத்தை ஆற்று மீன்கொத்திகள், மர மீன்கொத்திகள், நீர் மீன்கொத்திகள் என மூன்று துணைக்குடும்பங்களாகப் பிரிப்பர்.

வெண்தொண்டை மீன்கொத்தியின் அறிவியல் பெயர் ஹால்சியான் ஸ்மிர்னென்சிஸ். இதை வெண்மார்பு மீன்கொத்தி என்றும் அழைப்பர். இது மர மீன்கொத்திப் பிரிவைச் சேர்ந்தது. ஆஸ்திரேலியாவின் காடுகளில் மனிதர் சிரிப்பதுபோல் குரலெழுப்பும் கூக்கபரா பறவையும் இதே பிரிவுதான். இப்பிரிவைச் சேர்ந்த பல இனங்கள் நீர்நிலையே இல்லாத இடங்களில் பூச்சி, பல்லி ஆகியவற்றைப் பிடித்து வாழ்பவை.

கருப்பு வெள்ளை மீன்கொத்தியின் அறிவியல் பெயர் செரில் ரூடிஸ். இது நீர் மீன்கொத்திப் பிரிவைச் சேர்ந்தது. செரில் என்ற பேரினத்தில் உள்ள ஒரே இனம் இதுவாகும். இப்பிரிவின் பெரும்பாலான இனங்கள் அமெரிக்கக் கண்டங்களில் வாழ்கின்றன.

இவ்விரு பறவைகளையும் 1758 ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு அறிஞர் கார்ல் லின்னேயசு அறிவியல் முறைப்படி பெயரிட்டு விவரித்தார். ஸ்மிர்னென்சிஸ் என்பது ஸ்மிர்னா என்ற ஊர்ப்பெயரிலிருந்து வந்தது. அது துருக்கியில் இன்று இஸ்மீர் எனப்படும் நகரம். வெண்தொண்டை மீன்கொத்தி துருக்கி, எகிப்து முதல் இந்தியா வழியாகத் தென்கிழக்கு ஆசியா வரை பரவியுள்ளது. கருப்பு வெள்ளை மீன்கொத்தி சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவிலும், துருக்கி முதல் இந்தியா, சீனா வரையிலும் காணப்படுகிறது.

சத்தியமங்கலம் பகுதியின் நீர்நிலைகள்

நீலகிரியில் பிறக்கும் பவானி ஆறு கேரளத்தின் அட்டப்பாடி வழியாகச் சென்று மீண்டும் தமிழகத்துக்குள் நுழைகிறது. மேட்டுப்பாளையம், சிறுமுகை ஆகிய ஊர்களைக் கடந்து பவானிசாகரில் மோயாற்றுடன் சேர்கிறது. இங்கு 1948 இல் தொடங்கி 1955 இல் கட்டி முடிக்கப்பட்ட அணை உள்ளது. அணையிலிருந்து வெளியேறும் ஆறு சத்தியமங்கலம் நகரையும், அதற்குக் கீழே கொடிவேரி அணைக்கட்டையும் கடந்து, பவானி கூடுதுறையில் காவிரியுடன் கலக்கிறது.

கொடிவேரியிலிருந்து தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் பிரிகின்றன. பவானிசாகரிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீளமுள்ள கீழ்பவானி வாய்க்கால் செல்கிறது. இவற்றுடன் பெரும்பள்ளம், குண்டேரிப்பள்ளம் போன்ற சிறு அணைகள், காட்டிலிருந்து இறங்கும் பள்ளங்கள், குட்டைகள், தோட்டத்துக் கிணறுகள் ஆகியவையும் உள்ளன. நெல், கரும்பு, வாழை, மஞ்சள் விளையும் பாசன நிலம் ஒருபுறமும், 2013 இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காடு மறுபுறமும் அமைந்துள்ளன.

ஒரே வட்டாரத்தில் அகன்ற நீர்ப்பரப்பும் சிறு நீர்நிலைகளும் வறண்ட தோட்டங்களும் இருப்பதால், இரு மீன்கொத்திகளும் எந்தெந்த இடத்தைத் தேர்ந்துகொள்கின்றன என்பதை ஒப்பிட்டுப் பார்க்க இப்பகுதி ஏற்றது.

தோற்றம்

வெண்தொண்டை மீன்கொத்தி சுமார் 28 சென்டிமீட்டர் நீளமுள்ளது. தலையும் அடிவயிறும் ஆழ்ந்த செம்பழுப்பு நிறம். முதுகு, இறக்கை, வால் ஆகியவை பளிச்சென்ற நீலம். தொண்டையும் மார்பும் தூய வெள்ளை. பருத்த அலகும் கால்களும் சிவப்பு. பறக்கும்போது இறக்கையில் பெரிய வெள்ளைத் திட்டு தெரியும். ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். இளம் பறவையின் நிறம் மங்கலாகவும் அலகு பழுப்பாகவும் காணப்படும்.

கருப்பு வெள்ளை மீன்கொத்தி சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ளது. உடல் முழுவதும் கருப்பும் வெள்ளையும் மட்டுமே. கண்ணை ஒட்டிக் கருப்புப் பட்டையும் அதன் மேல் வெண்புருவமும் உண்டு. தலையில் சிறு கொண்டை இருக்கும். அலகு நீண்டு, கூர்மையாக, கருப்பாக இருக்கும். இந்த இனத்தில் ஆணையும் பெண்ணையும் மார்பைப் பார்த்தே பிரித்தறியலாம். ஆணின் மார்பில் இரண்டு கருப்புப் பட்டைகள் இருக்கும். பெண்ணுக்கு ஒரே பட்டை, அதுவும் நடுவில் அறுபட்டிருக்கும்.

நீல நிறம் எப்படி உண்டாகிறது?

வெண்தொண்டை மீன்கொத்தியின் இறகில் நீல நிறமி எதுவும் இல்லை. இறகுக்குள் உள்ள மிக நுண்ணிய அமைப்பு, ஒளியின் நீலப் பகுதியை மட்டும் வலுவாகத் திருப்பி அனுப்புவதால் அது நீலமாகத் தெரிகிறது. நிழலில் மங்கியும் வெயிலில் மின்னியும் தோன்றுவதற்கு இதுவே காரணம். நிறமி இல்லாததால் நீலம் எளிதில் வெளிறுவதில்லை.

இந்தப் பண்பு இப்பறவைக்குத் தீங்காகவும் முடிந்தது. சீனாவில் மீன்கொத்தியின் நீல இறகுகளை வெட்டி நகைகளிலும் தலையணிகளிலும் ஒட்டும் கலை பல நூற்றாண்டுகள் நடந்தது. 19 ஆம் நூற்றாண்டில் தொப்பிகளை அலங்கரிக்கவும் இப்பறவை வேட்டையாடப்பட்டது.

கருப்பு வெள்ளை மீன்கொத்தியின் கருமை மெலனின் என்னும் நிறமியால் வருகிறது. நிறமி இல்லாத இறகுகள் எல்லா ஒளியையும் சிதறடித்து வெள்ளையாகத் தெரிகின்றன.

இரையும் வேட்டை முறையும்

வெண்தொண்டை மீன்கொத்தி ஓரிடத்தில் அமர்ந்து காத்திருந்து வேட்டையாடும். மின்கம்பி, வேலிக்கம்பம், தென்னை மட்டை, கிணற்றுமேட்டு மரக்கிளை ஆகியவை அதன் காவல் இடங்கள். அசையாமல் இருந்து தரையைக் கவனித்து, இரை தென்பட்டதும் பாய்ந்து கொத்தி, மீண்டும் இருப்பிடத்துக்கே வந்து அமரும். பெரிய இரையைக் கிளையில் அடித்துக் கொன்று விழுங்கும். வெட்டுக்கிளி, வண்டு, மண்புழு, நண்டு, தவளை, ஓணான், பல்லி, சிறு பாம்பு, சுண்டெலி, மீன் என இதன் உணவுப் பட்டியல் நீளமானது. சில வேளைகளில் சிறு பறவைகளையும் பிடிக்கும். நெல் வயலில் வரப்பு நண்டும் வெட்டுக்கிளியும் கிடைக்கும்வரை இது ஆற்றைத் தேடிப் போக வேண்டியதில்லை.

கருப்பு வெள்ளை மீன்கொத்தி நீருக்கு மேலே அந்தரத்தில் நின்று வேட்டையாடும். உடலை ஏறத்தாழ நிமிர்த்தி, அலகைக் கீழ்நோக்கி வைத்து, இறக்கைகளை வேகமாக அடித்தபடி ஒரே இடத்தில் நிற்கும். மீனைக் கண்டதும் இறக்கையை ஒடுக்கிச் செங்குத்தாக நீருக்குள் பாயும். குறி தப்பினால் மேலெழுந்து வேறோர் இடத்தில் மீண்டும் நிற்கும். காற்றின் உதவியின்றி இவ்வாறு நிற்கக்கூடிய பறவைகளில் இதுவே மிகப் பெரியது எனக் கருதப்படுகிறது.

இம்முறையில் இரண்டு நன்மைகள் உள்ளன.

முதலாவது, அமர்வதற்குக் கிளையோ கம்பமோ தேவையில்லை. சிறு மீனைப் பறந்தபடியே விழுங்கிவிடும். எனவே கரையிலிருந்து நெடுந்தொலைவில், நீர்த்தேக்கத்தின் நடுப்பகுதியிலும் அதனால் வேட்டையாட முடியும். பவானிசாகர் போன்ற அகன்ற நீர்ப்பரப்பின் நடுப்பகுதி, கிளையில் அமர்ந்து வேட்டையாடும் மீன்கொத்திகளுக்கு எட்டாத இடம்.

இரண்டாவது, பார்வை தொடர்பானது. நீருக்குள் உள்ள பொருளைச் சாய்வாகப் பார்த்தால், ஒளிவிலகல் காரணமாக அது இருக்கும் இடத்திலிருந்து சற்று விலகித் தெரியும். தண்ணீரில் சாய்த்து வைத்த குச்சி ஒடிந்ததுபோல் தெரிவதும் இதனால்தான். நேர் மேலிருந்து பார்க்கும்போது இந்தப் பக்கவாட்டு விலகல் இருப்பதில்லை. மீனுக்கு நேர் மேலே நின்று பாயும் பறவைக்குக் குறி எளிதாகிறது.

அந்தரத்தில் நிற்பதற்கு அதிக ஆற்றல் செலவாகும். ஆகவே வசதியான கிளையோ கம்பியோ இருந்தால் கருப்பு வெள்ளை மீன்கொத்தியும் அமர்ந்து வேட்டையாடுவது உண்டு. தெளிவான நீரும் போதிய சிறு மீன்களும் இருந்தால்தான் இந்தச் செலவு கட்டுப்படியாகும். நீர் கலங்கினால் மீன் தெரியாது.

குரலும் நடத்தையும்

வெண்தொண்டை மீன்கொத்தி தனியாகவோ இணையாகவோ வாழும். தனக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொண்டு மற்றவற்றை விரட்டும். இனப்பெருக்கக் காலத்தில் அதிகாலையில் ஆண் பறவை உயரமான மர உச்சியிலோ கம்பத்திலோ அமர்ந்து நீண்ட நேரம் கூவும். இடையிடையே இறக்கைகளை விரித்து அவற்றிலுள்ள வெள்ளைத் திட்டைக் காட்டும். பறக்கும்போது கலகலவெனச் சிரிப்பதுபோன்ற உரத்த ஒலி எழுப்பும்.

கருப்பு வெள்ளை மீன்கொத்தி கூட்டமாக வாழும் இயல்புடையது. இணையாகவோ சிறு குடும்பமாகவோ திரியும். இரவில் பல பறவைகள் ஒன்றாகத் தங்குவதும் உண்டு. இதன் குரல் கூர்மையான, சிறு சிறு கீச்சொலி.

கூடும் இனப்பெருக்கமும்

வாழ்க்கை முறையில் வேறுபட்டாலும் இரண்டு பறவைகளுக்கும் ஒரு பொதுத் தேவை உண்டு. அது செங்குத்தான மண்சுவர். இரண்டும் மண்ணில் வளை தோண்டி, அதன் முடிவில் உள்ள அறையில் வெள்ளை நிற முட்டைகளை இடும். அலகால் மண்ணைக் குத்திப் பெயர்த்து, கால்களால் வெளியே தள்ளும். மீன்கொத்திகளின் முன்விரல்கள் அடிப்பகுதியில் இணைந்திருப்பது இந்த வேலைக்கு உதவுகிறது. மண் மிகவும் இறுகியிருந்தால் தோண்ட முடியாது. மணலாக இருந்தால் வளை சரிந்துவிடும்.

வெண்தொண்டை மீன்கொத்தி 4 முதல் 7 முட்டைகள் வரை இடும். முட்டைகள் பொரிய 20 முதல் 22 நாட்கள் ஆகும். ஆற்றங்கரை மட்டுமன்றிச் சாலைக்காக வெட்டிய மண்மேடு, கட்டுமானம் இல்லாத கிணற்றின் மண்சுவர், மண் எடுத்த குழி ஆகியவற்றிலும் கூடு அமைக்கும். நீர் அருகில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

கருப்பு வெள்ளை மீன்கொத்தி 3 முதல் 6 முட்டைகள் வரை இடும். இந்தியாவில் பெரும்பாலும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இனப்பெருக்கம் செய்கிறது. நீருக்கு மேலே ஒன்றரை மீட்டர் அளவு உயரத்தில் உள்ள கரைச்சுவரில் வளை தோண்டும். வளை ஒரு மீட்டருக்கும் மேல் நீளமாக இருக்கும். கோடையில் ஆறு வற்றும்போது மீன்கள் குறைந்த நீரில் திரள்வதும், கரைச்சுவர் வெளிப்படுவதும் இதற்குச் சாதகம். நீர்மட்டம் திடீரென உயர்ந்தால் தாழ்வான கூடுகள் மூழ்கிவிடும்.

உதவிக்கு வரும் பறவைகள்

கருப்பு வெள்ளை மீன்கொத்தியின் குடும்ப வாழ்வில் ஒரு தனித்தன்மை உண்டு. குஞ்சுகளை வளர்க்கப் பெற்றோர் அல்லாத பறவைகளும் உதவுகின்றன. இதை ஹெய்ன்ஸ்-உல்ரிச் ராயர் என்ற ஆய்வாளர் கென்யாவின் விக்டோரியா, நைவாசா ஏரிகளில் விரிவாக ஆராய்ந்தார்.

இந்த இனத்தில் ஆண்களின் எண்ணிக்கை பெண்களைவிட அதிகம். எனவே இணை கிடைக்காத ஆண்கள் மிஞ்சுகின்றன. அவற்றுள் சில, தம் பெற்றோருக்கே உதவுகின்றன. அவை முதல்நிலை உதவியாளர்கள். வேறு சில, உறவில்லாத இணையிடம் குஞ்சு பொரித்த பிறகு வந்து சேர்கின்றன. அவை இரண்டாம்நிலை உதவியாளர்கள்.

மீன் எளிதாகக் கிடைத்த நைவாசா ஏரியில், உறவில்லாத உதவியாளர்களைப் பெற்றோர் விரட்டிவிட்டன. மீன் பிடிப்பது கடினமாக இருந்த விக்டோரியா ஏரியில் அவற்றை ஏற்றுக்கொண்டன. உறவில்லாத ஆணை அருகில் விடுவது தந்தைக்கு இடர்தான், ஏனெனில் பின்னாளில் அதுவே இணைக்குப் போட்டியாக வரலாம். ஆனால் குஞ்சுகள் பட்டினியால் இறக்கும் நிலையில் அந்த இடரை ஏற்பது இலாபமாகிறது. ஒரு பறவையின் குடும்ப அமைப்பையே நீர்நிலையின் மீன்வளம் மாற்றுகிறது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

வேறுபாடுகளின் சுருக்கம்

- நிறம்: வெண்தொண்டை மீன்கொத்தி நீலம், செம்பழுப்பு, வெள்ளை, மற்றது கருப்பும் வெள்ளையும்.
- அலகு: முன்னது சிவப்பு, பருத்தது, பின்னது கருப்பு, கூர்மையானது.
- ஆண், பெண்: முன்னதில் வேறுபாடு தெரியாது, பின்னதில் மார்புப் பட்டையால் அறியலாம்.
- முதன்மை உணவு: முன்னதற்குப் பூச்சி, நண்டு, ஊர்வன முதலியவை, பின்னதற்கு மீன்.
- வேட்டை: முன்னது அமர்ந்திருந்து பாயும், பின்னது அந்தரத்தில் நின்று பாயும்.
- கூடு: முன்னது எந்த மண்சுவரிலும், பின்னது நீரை ஒட்டிய கரையில்.
- சமூக வாழ்வு: முன்னது தனி அல்லது இணை, பின்னது குடும்பமும் கூட்டமும்.

குழப்பம் தரும் பிற இனங்கள்

இப்பகுதியில் மேலும் இரு மீன்கொத்திகளைக் காணலாம். சிறு நீல மீன்கொத்தி 16 முதல் 18 சென்டிமீட்டர் மட்டுமே உள்ள சிறிய பறவை. இதன் வயிறு ஆரஞ்சு நிறம். நீரோரத்தில் தாழ்வாக, அம்புபோல் பறக்கும். பெரிய அலகு மீன்கொத்தி சுமார் 35 சென்டிமீட்டர் நீளமுள்ளது. சிவந்த பெரிய அலகு இருப்பதால் இதை வெண்தொண்டை மீன்கொத்தி எனத் தவறாக எண்ணுவோர் உண்டு. பெரிய அலகு மீன்கொத்தியின் அடிப்பகுதி மஞ்சள் கலந்த நிறம், தலை சாம்பல் பழுப்பு. மார்பில் தூய வெள்ளை இருக்கிறதா என்று பார்த்தாலே ஐயம் தீரும்.

அச்சுறுத்தல்கள்

உலக அளவில் இரண்டு இனங்களும் அழிவாய்ப்பு குறைந்தவை எனப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் வகைப்படுத்தியுள்ளது. இந்தியாவில் 1972 ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இவற்றைப் பிடிப்பதையும் கொல்வதையும் தடை செய்கிறது. ஆனால் ஓர் இனம் உலகில் பாதுகாப்பாக இருந்தாலும், ஒரு குறிப்பிட்ட ஆற்றிலிருந்து மறைந்துபோகக் கூடும்.

ஆற்றுநீர் மாசுபடுதல் கருப்பு வெள்ளை மீன்கொத்தியை நேரடியாகப் பாதிக்கும். பவானியில் ஆலைக் கழிவும் நகரக் கழிவுநீரும் கலப்பது பல ஆண்டுகளாகப் பேசப்படும் சிக்கல். சிறு மீன்கள் குறைந்தாலோ நீர் கலங்கினாலோ இப்பறவைக்கு மாற்று உணவு இல்லை. வெண்தொண்டை மீன்கொத்தி அப்போது வயலுக்கும் தோட்டத்துக்கும் நகர்ந்து பிழைத்துக்கொள்ளும். மறுபுறம், வயலில் தெளிக்கும் பூச்சிக்கொல்லி அதன் இரையை அழிக்கிறது. நச்சேறிய இரையை உண்பதும் கேடுதான். ஆக, கருப்பு வெள்ளை மீன்கொத்தியை ஆற்றின் நிலையைக் காட்டும் பறவை எனவும், வெண்தொண்டை மீன்கொத்தியை வயலின் நிலையைக் காட்டும் பறவை எனவும் கொள்ளலாம்.

மண்சுவர் இல்லாமல் போவது இரண்டையும் ஒருசேரப் பாதிக்கும். மணல் அள்ளுவதால் ஆற்றங்கரை சரிகிறது. ஆழ்துளைக் கிணறுகள் பெருகிய பின் பழைய கிணறுகள் பல கைவிடப்பட்டு மூடப்படுகின்றன. கீழ்பவானி வாய்க்காலில் கான்கிரீட் அமைப்பது குறித்து இப்பகுதி விவசாயிகளிடையே அண்மை ஆண்டுகளில் கடுமையான கருத்து வேறுபாடு நிலவுகிறது. நீர் கசிந்து வீணாகாமல் கடைமடை வரை போய்ச் சேர வேண்டும் என்பது ஒரு தரப்பு. கசிவுநீரால்தான் கிணறுகளில் நீர் ஊறுகிறது, அது நின்றுவிடும் என்பது மறுதரப்பு. இந்த வாதத்தில் பறவைகள் இடம்பெறுவதில்லை. ஆயினும் கான்கிரீட் பூசிய கரையில் எந்த மீன்கொத்தியாலும் வளை தோண்ட முடியாது. கசிவுநீரால் நிரம்பும் குட்டைகள் வற்றினால் அங்குள்ள தவளையும் நண்டும் குறையும். கரை சீரமைப்பு நடக்கும் இடங்களில், நீரோட்டம் பாதிக்காத சில மண்மேடுகளை வெட்டாமல் விட்டுவைப்பது அதிகச் செலவில்லாத ஒரு தீர்வாகும்.

மாணவர்கள் செய்யக்கூடியவை

இரு பறவைகளையும் ஒப்பிட்டுக் கவனிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. மாதம் ஒருமுறை ஒரே நேரத்தில், ஆற்றங்கரையில் ஒரு கிலோமீட்டரும் வயல்வழியில் ஒரு கிலோமீட்டரும் நடந்து, காணும் மீன்கொத்திகளை இனவாரியாக எண்ணிக் குறித்துக்கொள்ளலாம். பறவை எங்கே அமர்ந்திருந்தது, எதைப் பிடித்தது, கருப்பு வெள்ளை மீன்கொத்தியின் மார்பில் எத்தனை பட்டைகள் இருந்தன என்பவற்றையும் எழுதலாம். ஒன்றும் தென்படாத நாளையும் தவறாமல் பதிவு செய்ய வேண்டும். பிற்காலத்தில் எண்ணிக்கை குறைந்ததா என அறிய அந்தப் பதிவும் அவசியம்.

ஆண்டுதோறும் சனவரியில் பொங்கலை ஒட்டித் தமிழகத்தில் நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் இத்தகைய பதிவுகளைச் சேர்க்கலாம். இந்திய அளவிலும் உலக அளவிலும் பறவை ஆர்வலர்கள் பயன்படுத்தும் இ-பேர்டு தளத்திலும் பதிவேற்றலாம். கூடு இருக்கும் வளையை நெருங்குவது, அதற்குள் கையோ குச்சியோ விடுவது, கூட்டின் இடத்தைப் படத்துடன் பொதுவெளியில் அறிவிப்பது ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். வளையின் வாயில் இரையுடன் பறவை வந்து போவதைத் தொலைவிலிருந்து பார்த்தாலே, உள்ளே குஞ்சுகள் வளர்கின்றன என்று அறிந்துகொள்ளலாம்.